கணக்கில் கெட்டிக்காரியான பெண் நிருபராக வேண்டும் என்கிறாள்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 'ஆபத்து' என்ற சொல் ஐந்து இடங்களில் வருகிறது. 'சம்பளம்' ஒரே இடத்தில், அதுவும் கடைசி வரியில். தொழில் ஆலோசகனான என்னிடம் வரும் பெற்றோர் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக எழுதுவார்கள். மகளைக் கணக்குத் தணிக்கையாளராக்கிப் பார்க்க நினைத்திருந்தீர்கள். அவளோ அதிகாரத்தில் இருப்பவர்களைக் கேள்வி கேட்கும் நிருபராகப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பக்குவமாகப் பேசி அவள் மனத்தை மாற்றிவிடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மன்னியுங்கள், அதை நான் செய்வதில்லை. அவள் மனத்தில் இருக்கும் சித்திரம் இந்தத் தொழிலோடு பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்ல முடியும். அதற்காகத்தான் போன வாரம் அவளைத் தனியாக வரச் சொன்னேன்.

ஏன் இந்தத் துறை என்று அவளிடம் நான் கேட்கவில்லை. அதற்கான பதிலை எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன். பயிற்சிக்காக நானே தயாரித்தது: ஒரு பாலம் கட்டுவதற்கு மூன்று நிறுவனங்கள் கொடுத்த ஒப்பந்தப்புள்ளிகள், மொத்தம் 84 பக்கங்கள். "ஏதாவது தட்டுப்படுகிறதா, பார்" என்று சொல்லிவிட்டு என் வேலையைக் கவனிக்கப் போய்விட்டேன்.

முதல் அரைமணி நேரம் தொகைகளையே கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒன்றும் சிக்கவில்லை. பிறகு முகப்புக் கடிதங்களுக்குத் திரும்பினாள். ஒன்றே கால் மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டாள். "உத்தரவாதம் என்ற சொல்லை மூன்றில் இரண்டு நிறுவனங்கள் 'உத்திரவாதம்' என்றே எழுதியிருக்கின்றன. அதோடு, மூன்று வங்கி உத்தரவாதங்களும் ஒரே கிளையில் ஒரே நாளில் வாங்கியவை. எண்கள் 411, 412, 413." ஒருவரோடு ஒருவர் போட்டி போடுகிறவர்கள் வரிசையில் ஒருவர் பின் ஒருவராக நின்று வாங்கினார்களா என்று அவளே கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

நான் ஒளித்துவைத்தவை நான்கு. அவள் பிடித்தவை இரண்டு. மற்றவை என்ன என்று கேட்கவில்லை. "வீட்டுக்கு எடுத்துப் போகலாமா?" என்றுதான் கேட்டாள். 20 வருடங்களாகப் பிள்ளைகளைப் பார்த்து வருகிறவன் நான். அந்தக் கேள்வியை எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அடுத்து அவள் சறுக்கினாள், அதையும் சொல்லிவிடுகிறேன். இதை வைத்து என்ன எழுதுவாய் என்றேன். "மூவரும் கூட்டுச் சேர்ந்து மோசடி செய்தார்கள்" என்றாள், யோசிக்காமல். நான் மறுத்தேன். ஒரே தட்டச்சுக் கடைக்காரர் இரண்டு நிறுவனங்களுக்கும் கடிதம் அடித்துக் கொடுத்திருக்கலாம். காகிதம் காட்டுவது ஒன்று, அதிலிருந்து நாம் ஊகிப்பது இன்னொன்று. மூவரிடமும் எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்க வேண்டும், பதில் சொல்ல நியாயமான அவகாசம் தர வேண்டும், வந்த பதிலைச் செய்தியில் சேர்க்க வேண்டும். அப்போதும் 'எண்கள் அடுத்தடுத்து இருந்தன' என்று எழுதலாமே தவிர, 'மோசடி' என்று எழுதுவதற்கு வேறு ஆதாரம் தேவை. அவள் முகம் கொஞ்சம் வாடியது. வாடட்டும். இந்தத் தொழிலில் பாதி, தெரிந்ததைக்கூட எழுதாமல் நிறுத்திவைப்பதுதான்.

நீங்கள் நினைக்கும் சாகசம் இதில் மிகவும் குறைவு. வாட்டர்கேட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1972 ஜூன் 17 அன்று ஒரு கட்சி அலுவலகத்துக்குள் புகுந்த ஐந்து பேர் பிடிபட்டார்கள். அதன் பின்னணியில் தம் ஆட்களே இருந்தது அம்பலமாகி, 1974 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் நிக்சன் பதவி விலகினார். இடையில் 2 வருடங்களுக்கும் மேல். வாஷிங்டன் போஸ்ட் நிருபர்கள் பாப் உட்வர்டும் கார்ல் பெர்ன்ஸ்டீனும் ஒரு கட்டத்தில் அந்த நாட்டு நாடாளுமன்ற நூலகத்தில் உட்கார்ந்து, யார் எந்தப் புத்தகம் கேட்டார்கள் என்ற ஆயிரக்கணக்கான சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். தேடியது கிடைக்கவில்லை. மறுநாள் வேறு கதவைத் தட்டப் போனார்கள். உட்வர்டைப் பற்றி இன்னொன்றும் உங்கள் மகளிடம் சொன்னேன்: அதே பத்திரிகை அவரை 1970-இல் இரண்டு வாரம் சோதித்துப் பார்த்து, அனுபவம் போதாது என்று திருப்பி அனுப்பியது. ஒரு சிறிய வார இதழில் ஒரு வருடம் எழுதிப் பழகிய பிறகுதான் உள்ளே எடுத்துக்கொண்டது.

பாஸ்டன் குளோப் பத்திரிகை 2002-இல் வெளிக்கொண்டுவந்ததும் அப்படித்தான். குழந்தைகளைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கிய பாதிரியார்களைக் கத்தோலிக்கத் திருச்சபை மறைத்துவந்தது. நிருபர்கள் நீதிமன்ற ஆவணங்களோடு, திருச்சபையே வருடந்தோறும் அச்சிட்ட பெயர்ப் பட்டியல் புத்தகங்களையும் அடுக்கிவைத்துக்கொண்டு, 'மருத்துவ விடுப்பு' என்பது போன்ற குறிப்புகள் எந்தெந்தப் பெயருக்கு எதிரே வருகின்றன என்று வருடவாரியாகக் குறித்துக்கொண்டே போனார்கள். எவரும் நூலகத்தில் எடுத்துப் பார்க்கக்கூடிய புத்தகங்கள் அவை. 2016-இல் வெளிவந்த பனாமா ஆவணங்களோ, வெளிநாடுகளில் ரகசியமாகக் கம்பெனிகள் அமைத்துக் கொடுத்த ஒரு சட்ட நிறுவனத்திலிருந்து கசிந்த 1 கோடியே 15 லட்சம் கோப்புகள். பல நாடுகளைச் சேர்ந்த 300-க்கும் மேற்பட்ட செய்தியாளர்கள் ஏறத்தாழ ஒரு வருடம் வெளியே மூச்சுவிடாமல் அவற்றைப் படித்தார்கள். ஐஸ்லாந்துப் பிரதமர் சில நாட்களில் பதவி இழந்தார். எந்தக் கம்பெனிக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள், பணம் எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் போனது என்பதுதான் அங்கே வேலையே. கணக்கு தெரிந்தவர்களுக்கு இத்துறையில் என்றும் தட்டுப்பாடுதான், ஐயா. உங்கள் ஆசையும் அவள் ஆசையும் நீங்கள் நினைக்கும் அளவுக்குத் தூரத்தில் இல்லை.

இனி ஆபத்து. ஐரோப்பாவின் மால்டா நாட்டில் டாஃப்னி கருவானா கலிசியா என்ற செய்தியாளர் 2017 அக்டோபர் 16 அன்று கார் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். அப்போது அவர் மீது 40-க்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன. குண்டு செய்தியாகிறது, வழக்குகள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பெரும்பாலான செய்தியாளர்களை நாள்தோறும் அரிப்பவை அந்த வழக்குகள்தான். ஜெயிப்பதற்காகப் போடுவதில்லை, அலைய வைத்து, பணத்தைக் கரைத்து, வாயை அடைப்பதற்காகப் போடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இதற்கு எதிராகச் சட்டமே கொண்டுவந்தது. எனவே அவள் வேலைக்குச் சேரும்போது சம்பளத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி: வழக்கு வந்தால் வக்கீல் செலவு யாருடையது? இதற்கு நேராகப் பதில் சொல்லாத நிறுவனத்தில் விளையாட்டுச் செய்தி எழுதலாம், புலனாய்வு வேண்டாம்.

இன்னொரு பாதுகாப்பு, கூட்டு. அமெரிக்காவில் 1976-இல் டான் போல்ஸ் என்ற நிருபர் காரில் வைத்த குண்டுக்குப் பலியானபோது, வெவ்வேறு பத்திரிகைகளைச் சேர்ந்த 38 பேர் அரிசோனாவுக்கு வந்து அவர் விட்ட வேலையைத் தொடர்ந்தார்கள். தகவல் பலர் கையில் இருக்கும்போது ஒருவரைக் கொல்வதால் பலன் குறைகிறது. ஆபத்தே இல்லை என்று உங்களுக்கு உறுதி தரமாட்டேன். உலகெங்கும் கொல்லப்படும் செய்தியாளர்களில் மிகப் பெரும்பாலோர் உள்ளூர்ச் செய்தியை எழுதியவர்கள். பெரிய பெயரின் நிழல் அவர்களுக்கு இருப்பதில்லை.

ஆனால் எனக்கு இதைவிடக் கவலை தருவது வேறொன்று. நீங்கள் அதைக் கேட்கவே இல்லை. எழுதியும் ஒன்றும் நடக்காவிட்டால் அவள் தாங்குவாளா? போபாலில் ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகையாளர் அங்கிருந்த பூச்சிக்கொல்லி ஆலை எமனாகும் என்று 1982-லேயே தம் சிறிய வார இதழில் எழுதினார். 1984 ஜூனில் மறுபடியும் எழுதினார். எவரும் அசையவில்லை. அந்த டிசம்பர் 2 இரவு விஷவாயு கசிந்தது. அவர் எழுதியதில் பிழையில்லை, ஆதாரமும் இருந்தது. இதை உங்கள் மகளிடம் சொன்னபோது நெடுநேரம் பேசாமல் இருந்தாள். நானும் ஆறுதல் சொல்லவில்லை.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாக. முதல் பட்டம் இதழியலில் வேண்டாம் என்பது என் கட்சி; சக ஆலோசகர்கள் சிலர் சண்டைக்கு வருவார்கள். வணிகவியலோ சட்டமோ புள்ளியியலோ படிக்கட்டும். நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் குறிப்புரைகளைப் படிக்கத் தெரிந்த நிருபரை எந்த ஆசிரியரும் விடமாட்டார். இதழியலை அதற்கு மேல் ஒரு வருடத்தில் படித்துக்கொள்ளலாம். இடையில் ஒவ்வொரு விடுமுறையிலும் ஏதாவது ஒரு சிறிய பத்திரிகையில் நீதிமன்றச் செய்தியும் உள்ளாட்சிச் செய்தியும் எழுதிப் பழகட்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் இன்று 100-க்கும் அதிகமான நாடுகளில் இருக்கிறது. விண்ணப்பம் எழுதுவது ஒரு கலை. 'பாலம் ஏன் தாமதமாகிறது?' என்று கேட்டால் மழுப்பல்தான் வரும். 'இன்ன தேதி முதல் இன்ன தேதி வரையிலான அளவுப் புத்தகத்தின் நகல்', அதாவது முடிந்த வேலையை அளந்து எழுதும் பதிவேட்டின் நகல், என்று கேட்டால் காகிதம் வரும்.

சம்பளம் தொடக்கத்தில் தணிக்கையாளரைவிடக் குறைவுதான், பல இடங்களில் நிலையற்றதும்கூட. பத்திரிகை சரிப்படவில்லை என்றால் மோசடிகளைத் துருவும் தடயக் கணக்கியல், வங்கிகளின் விசாரணைப் பிரிவு, ஆய்வு நிறுவனங்கள் என்று இதே திறமைக்கு வேறு இடங்கள் இருக்கின்றன. முதல் பட்டத்தை நான் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசியாக ஒரு தகவல். நேற்று அந்தக் கட்டைத் திருப்பிக் கொண்டுவந்து தந்தாள். மீதி இரண்டில் ஒன்றைப் பிடித்திருந்தாள். நான்காவதாக அவள் குறித்திருந்தது நான் ஒளித்துவைத்ததே இல்லை: 61-ஆம் பக்கத்தில் நானே செய்த கூட்டல் பிழை. ஆறு வருடங்களாக அந்தக் காகிதத்தை எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன். அதை இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.