போனோடு போன டேட்டா திரும்பக் கிடைக்குமா? பேக்கப், ரீஸ்டோர்: கேள்வி-பதில்

கேள்வி: புதிய ஆண்ட்ராய்டு போன் வாங்கி, பழைய நம்பரிலேயே வாட்ஸ்அப் போட்டேன். ரீஸ்டோர் செய்யவா என்று கேட்டபோது அவசரத்தில் ‘ஸ்கிப்’ தட்டிவிட்டேன். பழைய சாட் ஒன்றுகூட இல்லை. கடையின் ஆர்டர் விவரமெல்லாம் அதில்தான் இருக்கிறது. பழைய போன் இன்னும் ஓடுகிறது. என்ன வழி? (ஈரோடு வாசகர்)

பதில்: முதலில் புதிய போனில் பேக்கப்பை நிறுத்துங்கள். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் என்று உள்ளே போனால், கூகுள் அக்கவுண்டில் எத்தனை நாளுக்கு ஒருமுறை பேக்கப் எடுப்பது என்று இருக்கும். அதை ‘நெவர்’ என மாற்றுங்கள். ‘பேக்கப்’ பட்டனைத் தவறியும் தொடாதீர்கள். ஒரு நம்பருக்கு ஒரு கூகுள் அக்கவுண்டில் ஒரே ஒரு வாட்ஸ்அப் பேக்கப்தான் இருக்கும். புதிதாக எடுப்பது பழையதை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்காரும். காலி சாட்டோடு ஒருமுறை பேக்கப் ஓடிவிட்டால், கூகுள் டிரைவில் இருந்த பல வருட ஆர்டர் விவரம் போய்விடும். பலர் டேட்டாவை இழப்பது ‘ஸ்கிப்’ தட்டியதால் அல்ல, அதற்குப் பிறகு இரண்டு நாள் சும்மா விட்டதால்தான்.

அடுத்து கூகுள் டிரைவ் ஆப்பில் ‘பேக்கப்ஸ்’ பகுதியைத் திறந்து வாட்ஸ்அப் பேக்கப்பின் தேதியையும் அளவையும் பாருங்கள். தேதி போன் மாற்றுவதற்கு முந்தையதாக இருந்தால் கவலையில்லை. புதிய போனில் இதற்குள் வந்த முக்கியமான சாட்களை ‘எக்ஸ்போர்ட் சாட்’ வழியாக உங்கள் மெயிலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். ரீஸ்டோர் செய்தால் அவை இருக்காது. பிறகு வாட்ஸ்அப்பை அன்இன்ஸ்டால் செய்து, பழைய போனில் பேக்கப்புக்குப் பயன்பட்ட அதே கூகுள் அக்கவுண்ட் புதிய போனிலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, மறுபடி இன்ஸ்டால் செய்து அதே நம்பரைப் போடுங்கள். இந்த முறை ‘ரீஸ்டோர்’ தட்டுங்கள். எழுத்து மெசேஜ்கள் முதலில் வரும், படமும் வீடியோவும் பின்னணியில் மெதுவாக இறங்கும். சார்ஜரில் போட்டு வைஃபையில் விட்டுவிடுங்கள்.

பேக்கப் ஏற்கெனவே அழிந்திருந்தால்? அப்போதுதான் உங்கள் பழைய போன் கைகொடுக்கும். அதில் உள்ள சாட், நம்பர் வேறு போனுக்குப் போனதால் அழிந்துவிடாது. கம்ப்யூட்டரில் இணைத்து இன்டர்னல் ஸ்டோரேஜில் ஆண்ட்ராய்டு, மீடியா, காம்.வாட்ஸ்அப் என்று போய், உள்ளே இருக்கும் வாட்ஸ்அப் ஃபோல்டரை முழுதாக நகல் எடுங்கள். நகல் கையில் வந்தபிறகு, பழைய போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து அதே நம்பரை ஓடிபி போட்டு உறுதிசெய்யுங்கள். சாட் அப்படியே இருக்கும். அடுத்து புதிய போனில் வாட்ஸ்அப்பை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போடுங்கள். பழைய போனில் செட்டிங்ஸ், சாட்ஸ், ‘டிரான்ஸ்ஃபர் சாட்ஸ்’ வழியாகப் போய், புதிய போன் காட்டும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள். டிரைவ் இல்லாமலே போனுக்குப் போன் நேராகப் போய்விடும்.

பழைய போனிலும் சாட் திறக்கவில்லை என்றால், நகல் எடுத்த ஃபோல்டரில் ‘டேட்டாபேசஸ்’ என்று ஒரு உள் ஃபோல்டர் இருக்கும். வாட்ஸ்அப் தினமும் அதிகாலை 2 மணிக்குப் போனுக்குள்ளேயே ஒரு பேக்கப் எழுதுகிறது. கடைசி 7 நாள் வரையிலான கோப்புகள் அதில் நிற்கும். ஒன்றின் பெயரில் தேதி இருக்காது, அதுதான் ஆகக் கடைசி. பழைய தேதியின் கோப்பு வேண்டுமானால் அதன் பெயரிலிருந்து தேதியையும், அதற்கு முன்னுள்ள ‘-’ குறியையும், பின்னால் ஒட்டிய ‘.1’ என்பதையும் மட்டும் நீக்குங்கள். கடைசியில் உள்ள ‘கிரிப்ட்14’ அல்லது ‘கிரிப்ட்15’ என்பதைத் தொடாதீர்கள், அதை மாற்றினால் வாட்ஸ்அப் கோப்பை அடையாளம் காணாது. அந்தக் கோப்பைப் புதிய போனில் அதே இடத்தில் வைத்து, வாட்ஸ்அப்பை இன்ஸ்டால் செய்து, திறப்பதற்கு முன் கூகுள் அக்கவுண்டைத் தற்காலிகமாகப் போனிலிருந்து எடுத்துவிடுங்கள். டிரைவில் எதுவும் கிடைக்காதபோது போனில் உள்ள கோப்பைத் தேடும்.

எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்டட் பேக்கப் (சாவி இல்லாமல் யாரும் திறக்க முடியாதபடி பூட்டிய பேக்கப்) போட்டிருந்தால் நீங்கள் வைத்த பாஸ்வேர்டோ, 64 இலக்கச் சாவியோ, பாஸ்கீயோ (கைரேகை, முகம் அல்லது திரைப் பூட்டால் திறப்பது) வேண்டும். நீங்கள் வைத்தது கையில் இல்லையென்றால் வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் திறக்க முடியாது.

இன்னொன்று: 2024 முதல் ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் கூகுளின் 15 ஜிபி இலவச இடத்திலேயே கணக்காகிறது. மெயிலும் போட்டோவும் அதை நிரப்பிவிட்டால் பேக்கப் நின்றுபோகும். டிரைவில் தேதி மாதக்கணக்கில் பின்தங்கியிருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கேள்வி: போன் மெதுவாக ஓடுகிறது என்று ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டேன். போட்டோக்கள் போய்விட்டன. சாஃப்ட்வேர் போட்டு மீட்டுத் தருவதாகச் சொல்லி ஒரு கடையில் 8,000 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (மதுரை வாசகி)

பதில்: கொடுக்காதீர்கள். இன்றைய ஆண்ட்ராய்டு போனில் எல்லா டேட்டாவும் என்க்ரிப்ட் ஆகித்தான், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டித்தான் சேமிக்கப்படுகிறது. ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த போன்களிலிருந்து இது கட்டாயம், அதற்கு முந்தைய பெரும்பாலான போன்களிலும் உண்டு. ஃபேக்டரி ரீசெட் செய்யும்போது அந்த என்க்ரிப்ஷன் சாவியே அழிகிறது. பெட்டி இருந்தும் சாவி உருகிப்போன நிலை அது. எந்த சாஃப்ட்வேரும் இதைத் திருப்பாது. ஐபோனுக்கும் இதே கதிதான். பிளேஸ்டோரில் கிடைக்கும் ‘ரெகவரி’ ஆப்கள் காட்டும் சிறிய மங்கலான படங்கள் பெரும்பாலும் போனில் மிஞ்சிக் கிடக்கும் தம்ப்நெயில்கள். அவற்றைக் காட்டித்தான் பணம் கட்டச் சொல்கின்றன.

பணம் செலவில்லாமல் பார்க்க வேண்டிய இடங்கள் வேறு. போனில் சேர்த்திருந்த ஒவ்வொரு கூகுள் அக்கவுண்டிலும் கூகுள் போட்டோஸைத் திறந்து பாருங்கள், பிள்ளைகள் போட்டுக்கொடுத்த அக்கவுண்ட் உட்பட. பேக்கப் ஆன படத்தை அழித்திருந்தால் 60 நாள் டிராஷில் இருக்கும். குடும்பத்தார் வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய படங்கள் அவர்கள் போனில் நிற்கும். டெலிகிராமில் அனுப்பியிருந்தால் அந்த நிறுவனத்தின் சர்வரிலேயே இருக்கும். மெமரி கார்டு போட்டிருந்தால் உடனே வெளியே எடுங்கள். சாதாரணக் கார்டில் அழிந்த படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டோரெக் என்ற இலவச மென்பொருள் பெரும்பாலும் மீட்கும், அதன் மேல் புதிதாக எதுவும் எழுதாத வரை. கார்டை இன்டர்னல் ஸ்டோரேஜாக ஃபார்மேட் செய்திருந்தால் அந்த வழியும் இல்லை, அதுவும் அந்தப் போனின் சாவியோடு பூட்டியது.

கேள்வி: போன் கீழே விழுந்து டிஸ்ப்ளே இருண்டுவிட்டது, கால் வந்தால் ரிங் ஆகிறது. சர்வீஸ் சென்டரில் மதர்போர்டு மாற்ற வேண்டும், டேட்டா போய்விடும் என்கிறார்கள். பேக்கப் எடுக்கவே இல்லை. (திருநெல்வேலி வாசகர்)

பதில்: ரிங் ஆகிறது என்றால் போர்டு உயிரோடு இருக்கிறது. போர்டு மாற்றக் கையெழுத்துப் போடாதீர்கள். டேட்டா இருப்பது அந்தப் போர்டில்தான். மெமரி சிப்பைத் தனியாகக் கழற்றினாலும் பயனில்லை, சாவி பிராசசரோடு கட்டப்பட்டிருக்கிறது. ஆக, அதே போர்டு எழுந்து நின்று, உங்கள் பின் நம்பரை வாங்கிக்கொள்ள வேண்டும். வேறு வழி கிடையாது.

நம்பகமான கடையில் டிஸ்ப்ளேயை மாற்றச் சொல்லுங்கள், அல்லது டேட்டா எடுக்கும் நேரத்துக்கு மட்டும் வேறு டிஸ்ப்ளே பொருத்தச் சொல்லுங்கள். டிஸ்ப்ளே மாற்ற டேட்டாவை அழிக்க வேண்டிய அவசியமே இல்லை. படம் தெரிந்து டச் மட்டும் வேலை செய்யாத போனுக்கு ஒரு ஓடிஜி அடாப்டரும் (போனில் யுஎஸ்பி கருவியை மாட்ட உதவும் சிறு இணைப்பி) சாதாரண யுஎஸ்பி மவுஸும் போதும். படமே தெரியாவிட்டால் டைப்-சி வழியாக டிவியில் பார்க்கலாம், ஆனால் இந்த வசதி பெரும்பாலும் விலை கூடிய மாடல்களில்தான் உண்டு.

போன் ஆஃப் ஆகி ஆன் ஆனால் கைரேகை ஏற்காது, பின் நம்பரோ பேட்டர்னோ போட்டே ஆக வேண்டும். அதுவரை கம்ப்யூட்டரில் இணைத்தால் காலியாகத்தான் காட்டும். டேட்டா போய்விட்டது என்று பயப்படாதீர்கள்.

போன் தண்ணீரில் விழுந்தவர்களுக்கும் போர்டைக் காப்பாற்றுவதே முக்கியம்: அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள், அரிசியில் புதைக்காதீர்கள். அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிளே எச்சரிக்கிறது. போர்டு வேலை தெரிந்தவரிடம் அன்றே கொண்டுபோங்கள், நாளாக ஆக உள்ளே அரிப்பு கூடும்.

கேள்வி: ஐகிளவுட் பேக்கப் இருக்கிறது. ஆனால் என் ஐபோனில் ரீஸ்டோர் பட்டனே இல்லையே? (கோவை வாசகி)

பதில்: ஐபோனில் முழு ரீஸ்டோர் ஆரம்ப செட்டப்பில் மட்டும்தான் நடக்கும். அதற்கு ஓடிக்கொண்டிருக்கும் போனை அழிக்க வேண்டும். அழிக்கும் முன் ஐகிளவுட் பேக்கப்பின் தேதியைப் பாருங்கள். அதற்குப் பிறகு சேர்ந்தவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். பேக்கப் எடுத்தபோது இருந்ததைவிடப் பழைய ஐஓஎஸ் உள்ள போனில் அது ஏறாது, முதலில் அப்டேட் செய்யுங்கள். ஐகிளவுட் போட்டோஸ் ஆன் செய்திருந்தால் படங்கள் பேக்கப்பில் இருக்காது, லாகின் செய்ததும் தனியாக வரும். அதற்காகப் பேக்கப் குறையுடையது என்று நினைத்துவிட வேண்டாம். பேக்கப்பை நிறுத்திய போனின் டேட்டாவை ஆப்பிள் 180 நாள் வைத்திருக்கும்.

கேள்வி: கான்டாக்ட் எல்லாம் திடீரென்று காணோம். (நாகர்கோவில் வாசகர்)

பதில்: கம்ப்யூட்டரில் கூகுள் கான்டாக்ட்ஸ் இணையதளத்தைத் திறந்து, செட்டிங்ஸில் ‘அன்டூ சேஞ்சஸ்’ தேர்ந்தெடுங்கள். 10 நிமிடம் முதல் 30 நாள் முன்பு வரை எந்த நிலைக்கும் திரும்பலாம். நடுவில் புதிதாகச் சேர்த்த பெயர்கள் போய்விடும், முதலில் அவற்றை எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள். சிம்மிலோ போன் மெமரியிலோ சேமித்திருந்த நம்பர்களுக்கு இது உதவாது.

கேள்வி: பஸ்ஸில் போன் திருடுபோய்விட்டது. புதிய போனில் பழைய டேட்டாவை எப்போது, எப்படிக் கொண்டுவருவது? (சேலம் வாசகர்)

பதில்: வரிசையாகச் செய்யுங்கள். முதலில் சிம்மை முடக்கி, போலீஸில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். பிறகு டூப்ளிகேட் சிம் வாங்குங்கள். அது இயங்க ஆரம்பித்து 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. மோசடியைத் தடுக்க அரசு வைத்திருக்கும் கட்டுப்பாடு அது. அதற்குள் ஓடிபி வரவில்லை என்று திரும்பத் திரும்ப முயன்றால், வாட்ஸ்அப் சில மணி நேரம் காத்திருக்கச் சொல்லிவிடும். ஒருநாள் பொறுத்துச் செய்வது நல்லது. எஸ்எம்எஸ் வர ஆரம்பித்ததும், போலீஸ் புகார் நகலோடு சிஇஐஆர் (திருடுபோன போன்களை முடக்கும் அரசுத் தளம்) வழியாகப் போனின் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) பிளாக் செய்யுங்கள்.

புதிய ஆண்ட்ராய்டு போனை ஆன் செய்தவுடன், ஆரம்ப செட்டப்பிலேயே பழைய கூகுள் அக்கவுண்டில் நுழைந்து பேக்கப்பைத் தேர்ந்தெடுங்கள். அதைத் தாண்டிப் போய்விட்டால் ரீசெட் செய்து மறுபடி தொடங்குவதே உறுதியான வழி. பழைய போனைவிடக் குறைந்த ஆண்ட்ராய்டு பதிப்பு உள்ள போனில் பேக்கப் ஏறாது, மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய மாடல் வாங்குவோர் இதை முதலில் பாருங்கள். எஸ்எம்எஸ், கால் பட்டியல், செட்டிங்ஸ் அடங்கிய இந்தப் பேக்கப், போன் 57 நாள் பயன்பாட்டில் இல்லாவிட்டால் அழிக்கப்படும். கூகுள் போட்டோஸுக்கு இது பொருந்தாது. ஆகவே புதிய போன் வாங்குவதை மாதக்கணக்கில் தள்ளாதீர்கள்.

கேள்வி: பேட்டரி மாற்றக் கொடுத்த போனை, சொல்லாமல் ரீசெட் செய்து கொடுத்துவிட்டார்கள். நஷ்டஈடு கேட்க முடியுமா? (விழுப்புரம் வாசகி)

பதில்: கேட்கலாம். ஆனால் உங்கள் ஜாப் ஷீட்டில் (போனைக் கொடுக்கும்போது கடையில் தரும் வேலைச் சீட்டு) என்ன எழுதியிருக்கிறது என்பதே வழக்கைத் தீர்மானிக்கும். ‘டேட்டாவுக்குப் பொறுப்பில்லை’ என்ற வரி பெரும்பாலான ஷீட்களில் அச்சிட்டே இருக்கும். பேட்டரி மாற்றத்துக்கு ரீசெட் தேவையே இல்லை என்பது உங்கள் பக்கம் வலுவான வாதம். எழுத்து மூலம் விளக்கம் கேளுங்கள், போனில் பேசித் தீர்க்காதீர்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால், இ-ஜாக்ரிதி தளம் வழியாக நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டு அவகாசம் உண்டு. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

அடுத்த முறை போனைக் கொடுக்கும்போது ஜாப் ஷீட்டில் ‘என் அனுமதியின்றி ரீசெட், போர்டு மாற்றம் கூடாது’ என்று கையால் எழுதி, கையெழுத்து வாங்கி, அதைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். சாம்சங்கில் ‘மெயின்டெனன்ஸ் மோட்’, பிக்சலில் ‘ரிப்பேர் மோட்’ என்று இருக்கிறது. அதை ஆன் செய்துவிட்டால் பின் நம்பரைச் சொல்லாமலே டெக்னீஷியன் போனைச் சோதிக்கலாம்.