புது மின்சாரக் காரின் டிக்கிக்குள் மழைத்தண்ணீர்: வேறு கார் கேட்க முடியுமா?

கேள்வி: நானும் என் மனைவியும் பள்ளி ஆசிரியர்கள், திருச்சியில் வசிக்கிறோம். நான்கு மாதங்களுக்கு முன் சென்னை ஷோரூம் ஒன்றில் ரூ.17.8 லட்சத்துக்கு மின்சாரக் கார் வாங்கினோம். டெலிவரி கொடுத்தது இரவு ஏழரை மணிக்கு. மறுநாள் பகல் வெளிச்சத்தில்தான் கவனித்தோம்: பானெட்டுக்கும் வலப்பக்க ஃபெண்டருக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைகிறது, இடப்பக்கம் மெல்லிய கோடுதான். டிக்கிக் கதவு ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது. மழை பெய்தால் டிக்கித் தரை ஈரமாகிறது. 80 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ஓட்டுநர் பக்கக் கதவில் காற்று விசிலடிக்கிறது. மூன்று முறை சர்வீசுக்கு விட்டோம். முதல் இரண்டு முறை, ‘எல்லாம் கம்பெனி அளவுக்குள்தான் இருக்கிறது’ என்றார்கள். மூன்றாவது முறை ஏதோ அட்ஜஸ்ட் செய்தார்கள், ஆனாலும் தண்ணீர் நிற்கவில்லை. கதவுக் கீல் போல்ட்டுகளில் பெயின்ட் பெயர்ந்திருக்கிறது. இப்போது மேலாளர், ரூ.15,000-க்கு ஆக்சஸரீஸ் தருகிறோம், ‘முழுத் திருப்தி’ என்று கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். வேறு கார் கேட்க முடியுமா? மாதத் தவணையை நிறுத்திவிடலாமா?

பதில்: முதலில், அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள். நாளை நுகர்வோர் ஆணையத்தில் எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அந்தத் தாளாகத்தான் இருக்கும். ஏற்கெனவே வண்டியைத் திரும்ப எடுத்தபோது இப்படி எதிலாவது கையெழுத்திட்டிருந்தால், ‘குறைகள் சரியாகவில்லை, வண்டியை எடுத்துச் செல்வதற்காக மட்டுமே கையெழுத்திட்டேன்’ என்று இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

தவணையையும் நிறுத்தாதீர்கள். வங்கிக்கும் உங்களுக்கும் உள்ள ஒப்பந்தம் வேறு, ஷோரூமுக்கும் உங்களுக்கும் உள்ள வழக்கு வேறு. தவணை தவறினால் சிபில் மதிப்பெண் கெடும், வண்டியை எடுத்துச் செல்ல ஆள் வரலாம். கையில் இல்லாத காருக்கு வழக்கு நடத்துவது கடினம்.

இனி முக்கியமான கேள்வி. இடைவெளி சீராக இல்லை என்பதை மட்டும் வைத்து வேறு கார் கேட்டால், பெரும்பாலும் கிடைக்காது. மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-லேயே இதைச் சொல்லிவிட்டது: வாரண்டி என்பது பழுதான பாகத்தைச் சரிசெய்யும் அல்லது மாற்றித் தரும் பொறுப்பு, பாகத்தை மாற்றினால் தீரும் குறைக்கு முழு வண்டியையும் மாற்றச் சொல்ல முடியாது. கார் வழக்கில் எந்தக் கம்பெனி வக்கீலும் முதலில் எடுத்து வைப்பது இந்தத் தீர்ப்பைத்தான்.

ஆனால் உங்கள் கையில் இருப்பது வெறும் இடைவெளி இல்லை. கதவையும் பானெட்டையும் டிக்கியையும் ஓரளவு நகர்த்திப் பொருத்த கீல், பூட்டுக் கொக்கி, ரப்பர் ஸ்டாப்பர் ஆகியவற்றில் வசதி இருக்கிறது. சரியாக உருவான பாடியில் ஒரு நல்ல மெக்கானிக் ஒரே அமர்வில் இதை முடித்துவிடுவார். மூன்று முறை பார்த்தும் டிக்கி உட்காரவில்லை, தண்ணீரும் நிற்கவில்லை என்றால், பாடியின் சட்டமோ கீல் பொருத்தும் இடமோ தவறாக இருக்கிறதா என்ற கேள்வி எழுகிறது. அட்ஜஸ்ட் செய்து தீராத குறைதான் உற்பத்திக் குறைபாடு. சி.என். அனந்தராம் எதிர் ஃபியட் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம், நடுநிலையான தொழில்நுட்ப நிபுணர் வண்டியைச் சோதிக்கட்டும், உள்ளார்ந்த உற்பத்திக் குறை இருப்பதாகத் தெரிந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றது. உங்கள் வழக்கு நடக்க வேண்டிய பாதை இது. அதனால் மனுவில் தண்ணீரை முதலில் எழுதுங்கள், காற்றுச் சத்தத்தை அடுத்து, இடைவெளியைக் கடைசியில், அந்த இரண்டுக்கும் காரணமாக.

ஒரு எச்சரிக்கை. ‘மின்சாரக் காரில் தண்ணீர் புகுந்தால் பேட்டரி வெடிக்கும்’ என்று மனுவில் எழுதிவிடாதீர்கள். பேட்டரிப் பெட்டிகள் பெரும்பாலும் ஐ.பி. 67 தரத்தில், அதாவது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும்படி, அடைக்கப்பட்டவை. மிகைப்படுத்திய ஒரு வரி, உண்மையான பத்து வரிகளின் மதிப்பைக் கெடுத்துவிடும். டிக்கித் தரைக்கடியில் போகும் வயரிங்கும் இணைப்புகளும் அந்த அளவுக்கு அடைக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை. அங்கே ஈரம் தங்கினால் துரு பிடிக்கும், பூஞ்சை வரும் என்று எழுதுங்கள். போதும். காற்றுச் சத்தத்துக்கும் இதே கணக்குதான்: இன்ஜின் சத்தம் இல்லாததால் மின்சாரக் காரில் சிறு சத்தமும் காதில் விழும் என்று அவர்கள் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. அதனால் பயணியர் பக்கக் கதவில் அந்த விசில் வரவில்லை என்பதை அதே வேகத்தில் வீடியோவாகப் பதிவு செய்யுங்கள்.

‘கம்பெனி அளவு’ என்ற பதிலை நான் சும்மா விடமாட்டேன். எத்தனை மில்லிமீட்டர்? இடமும் வலமும் எவ்வளவு வித்தியாசம் வரலாம்? இந்த இரண்டு எண்களையும் எழுத்தில் கேளுங்கள். கொடுத்தால், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளந்து ஒப்பிடலாம். கொடுக்க மறுத்தால், அந்த மறுப்பே உங்களுக்கு ஆவணம்.

அப்புறம் அந்தக் கீல் போல்ட். கடிதத்தில் ஒரு வரியில் கடந்துபோய்விட்டீர்கள், என் கண்ணில் பட்டது அதுதான். பெயின்ட் பெயர்ந்தது மூன்றாவது சர்வீசுக்குப் பிறகா, அதற்கு முன்பே அப்படித்தான் இருந்ததா? டெலிவரி நாளில் எடுத்த புகைப்படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். முன்பே இருந்தால் கதை வேறு. லாரியில் வரும்போதோ யார்டில் நிற்கும்போதோ அடிபட்டு, டிங்கரிங் பார்த்துப் பட்டி வைத்துப் புது வண்டியாக விற்றிருக்கலாம். பெயின்ட் கனம் அளக்கும் சிறு கருவி பழைய கார் வாங்கி விற்பவர்களிடம் இருக்கும். ஒரு பேனலில் மட்டும் அளவு மற்றவற்றைவிட இரண்டு மூன்று மடங்கு காட்டினால், அந்த இடம் மறுபடி பெயின்ட் கண்டது என்று பெரும்பாலும் சொல்லலாம். அது நிரூபணமானால் உற்பத்திக் குறையோடு முறையற்ற வணிக நடைமுறையும் சேரும், கப்கோத்ரா தீர்ப்பு அவர்களைக் காப்பாற்றாது. அதே சமயம், டாடா மோட்டார்ஸ் எதிர் அன்டோனியோ பாவ்லோ வாஸ் வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம், டீலர் செய்த தவறு கம்பெனிக்குத் தெரியும் என்று காட்டாதவரை கம்பெனியைப் பொறுப்பாக்க முடியாது என்றது. எது யார் தவறு என்று இன்று நமக்குத் தெரியாது. அதனால் டீலர், உற்பத்தியாளர் இருவரையுமே எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும்.

ஜாப் கார்டு, அதாவது உங்கள் புகாரைப் பதிந்து சர்வீஸில் தரும் சீட்டு, இல்லாமல் இனி வண்டியை உள்ளே விடாதீர்கள். என்னிடம் வந்த ஒருவர் ஐந்து முறை கதவுப் பிரச்சினைக்காகச் சென்றிருந்தார். ஐந்து கார்டிலும் ‘ஜெனரல் செக்கப்’ என்று இருந்தது. ஒரு வருடத் துன்பத்துக்கு ஒரு வரிகூடச் சாட்சி இல்லை. ‘மழையில் டிக்கிக்குள் தண்ணீர், நான்காம் முறை’ என்று உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் வாசலில் நின்றே அதை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு வண்டியை விடுங்கள். நனைந்த டிக்கியை மழை பெய்யும்போதே, தேதி தெரியும்படி வீடியோ எடுங்கள். அசல் கோப்பை அந்த போனிலேயே வைத்திருங்கள். வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டு அசலை அழித்துவிடுகிறார்கள், அது வேண்டாம்.

வழக்கைத் திருச்சியிலேயே போடலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 34, மனுதாரர் வசிக்கும் ஊரில் மனு செய்ய இடம் தருகிறது. ‘சென்னை நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்’ என்று புக்கிங் படிவத்தில் அச்சிட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். மற்ற சட்டங்களின் வழிகளுக்குக் கூடுதலாகவே இந்தச் சட்டம் நிற்கிறது என்று பிரிவு 100 சொல்கிறது. கொடுத்த விலை ரூ.50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். உங்கள் தொகைக்குக் கட்டணம் ரூ.400 மட்டும். காலக்கெடு இரண்டு ஆண்டு, ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டாம். 20,000 கி.மீ. ஓடிய பிறகு ‘இத்தனை தூரம் நன்றாகத்தானே ஓடியது’ என்பார்கள், ஆணையமும் அதைக் கவனிக்கும்.

மனுவோடு சேர்த்தே, பிரிவு 38-ன்படி வண்டியை நிபுணர் சோதனைக்கு அனுப்பக் கோரி ஒரு இடைக்கால மனுவும் போடுங்கள். ஆட்டோமொபைல் துறை உள்ள அரசு பொறியியல் கல்லூரி ஒன்றைப் பரிந்துரைக்கலாம். சோதனைக் கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும், ஜெயித்தால் செலவுத் தொகையில் கேளுங்கள். நிபுணரிடம் கேட்க வேண்டியது, பாடியைப் பிரிக்காமல் அட்ஜஸ்ட் செய்து இது தீருமா, தீராதா என்பதுதான்.

கோரிக்கையை அடுக்காக எழுதுங்கள்: அதே மாடலில் வேறு கார், இல்லையென்றால் வரி, காப்பீடு உட்பட வட்டியோடு பணம், அதுவும் இல்லையென்றால் குறையை முழுமையாக நீக்கி, வாரண்டியை நீட்டித்து, இழப்பீடு. இதே சட்டத்தின் ‘பொருள் சார்ந்த பொறுப்பு’ என்ற அத்தியாயத்தில் கேட்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். பொருளுக்கே வந்த சேதத்தை அந்த அத்தியாயத்தின் ‘தீங்கு’ என்ற விளக்கம் விலக்கிவிடுகிறது.

கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைக்காதா என்றும் சிலர் கேட்கிறார்கள். 2025 மார்ச்சில் அமெரிக்காவில் டெஸ்லா 46,096 சைபர்டிரக்குகளைத் திரும்ப அழைத்தது. வெளிப்புறத் தகடு ஓடும்போது கழன்று விழும் ஆபத்து இருந்தது. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவும் அதுபோல சுற்றுச்சூழலுக்கோ வண்டியில் இருப்பவர்களுக்கோ சாலையில் போகிறவர்களுக்கோ தீங்கு தரும் குறைகளுக்குத்தான். உங்கள் டிக்கி ஓடும்போது திறந்துகொள்கிறதா? இல்லையென்றால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இந்த வாரமே 1915-ல் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதியுங்கள். அவர்களுக்கு உத்தரவிடும் அதிகாரம் இல்லை, ஆனால் புகார் கம்பெனியின் தலைமையகத்துக்குப் போகும், ஷோரூம் மேலாளரைத் தாண்டி ஒருவர் பதில் சொல்ல வேண்டி வரும். கூடவே டீலர், உற்பத்தியாளர் இருவருக்கும் 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். அந்த 15 நாளுக்குள் ‘நான்காவது முறை பார்த்துத் தருகிறோம்’ என்று அழைத்தால் மறுக்காதீர்கள். வண்டியைக் கொடுங்கள், ஜாப் கார்டு வாங்குங்கள், திரும்ப எடுக்கும்போது டிக்கி மேல் ஹோஸ் வைத்துப் பத்து நிமிடம் தண்ணீர் அடிக்கச் சொல்லி வீடியோ எடுங்கள்.