ஆற்றுக்கு அடியில் சுரங்கம் வெட்டியவர்களின் பழைய படங்களில் எல்லோரும் ஏன் அசையாமல் நிற்கிறார்கள்?

தம்பி, நியூயோர்க்கின் ஹட்சன் ஆற்றடிச் சுரங்கப் படங்களைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நிறுத்தி வைத்து எடுத்ததா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அப்படித்தான், ஆனால் பொய்ப்படங்கள் இல்லை. அந்தக் காலத்தில் படம் பதிந்த கண்ணாடித் தட்டுக்கு நிறைய வெளிச்சம் வேண்டும், இருட்டில் பதிய நேரமெடுக்கும், அதற்குள் ஆள் அசைந்தால் முகம் கலங்கிவிடும். சரி, வெளிச்சத்துக்கு மக்னீசியத் தூளைக் கொளுத்தலாமே என்றால், தண்ணீர் உள்ளே வராமலிருக்க அழுத்தக் காற்று நிரப்பிய இடத்தில் நெருப்பு மூர்க்கமாகப் பிடிக்கும்.

அந்தக் காற்றுதான் தொழிலாளியையும் முடக்கியது. அழுத்தம் சட்டென்று குறைந்தால் உடம்புக்குள் நைதரசன் குமிழி கட்டும். எங்கள் பக்கம் சிலிண்டரோடு கடலட்டை பிடிக்க இறங்கி, அவசரமாக மேலே வருகிறவர்களுக்கு வருவதும் இதே நோய்தான். 1880இல் ஹட்சன் சுரங்கத்தில் காற்று பீறிட்டு வெளியேற, தண்ணீர் உள்ளே புகுந்து 20 பேர் இறந்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், அசையாமல் நிற்கும் அந்த முகங்கள் வேறு மாதிரித் தெரியும்.

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் கிணறு தூர்வாரிய ஒரு ஐயாவைப் படமெடுக்க நானும் உள்ளே இறங்கினேன். லென்ஸில் ஈரம் பூத்துவிட்டது. அது தெளியும்வரை அவரோடு கதைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவருடைய நகக்கண்ணில் காய்ந்திருந்த சுண்ணாம்புச் சேற்றைக் கவனித்தேன், கடைசியில் அதைத்தான் எடுத்தேன். நீங்களும் தொழிலாளரைப் படமெடுக்கப் போனால், முதல் நாள் கமராவைப் பைக்குள்ளேயே வையுங்கள். அப்புறம், பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுங்கள்.