லேசர் செய்த கன்னமும் ஆடிப்பெருக்கு மஞ்சளும்

கேள்வி: எனக்கு 27 வயது. ஊர் திருவையாறு. பருத்தழும்புக்காக இரண்டு கன்னத்திலும் ஃபிராக்ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர் செய்து ஐந்து நாள் ஆகிறது. வீக்கம் வடிந்துவிட்டது. இப்போது காபிப்பொடி தூவின மாதிரி பழுப்புப் புள்ளிகள், தொட்டால் சொரசொரப்பு, அரிப்பு வேறு. நாளை மறுநாள் ஆடிப்பெருக்கு. ஆற்றில் முழுகி, முகத்துக்கு மஞ்சள் பூசிக்கொண்டுதான் மஞ்சள் கயிறு மாற்றுவது எங்கள் வீட்டு வழக்கம். மஞ்சள் புண்ணை ஆற்றும், தாராளமாகப் பூசு என்கிறார் மாமியார். பூசலாமா? முகம் கருத்துப் போகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: இந்த ஆடிப்பெருக்குக்கு முகத்தில் மட்டும் மஞ்சள் வேண்டாம். கால், கைகளுக்குப் பூசிக்கொள்ளுங்கள். கயிறு மாற்றுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

உங்கள் மாமியார் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளுவதற்கில்லை. மஞ்சளுக்குக் கிருமியை அடக்கும் தன்மை கொஞ்சம் உண்டுதான். தொல்லை அதைப் பூசுவதிலும் எடுப்பதிலும் இருக்கிறது. கல்லில் உரசிய மஞ்சளில் நாரும் துகளும் இருக்கும். அதைத் தேய்த்துப் பூசி, காய்ந்ததும் மறுபடி தேய்த்துத்தான் கழுவியாக வேண்டும். இப்போது உங்கள் கன்னம் தாங்காதது அந்தத் தேய்ப்பைத்தான். கடையில் வாங்கும் பூசு மஞ்சள் பொடியில் சாயமும் வாசனையும் கலந்திருந்தால் ஒவ்வாமை வர வாய்ப்புண்டு. இன்னொன்றும் இருக்கிறது: மஞ்சள் ஏறிய தோலில் சிவப்பு தெரியாது. நாளைக்கே கிருமித்தொற்று தொடங்கினாலும் உங்கள் கண்ணுக்கும் படாது, மருத்துவர் கண்ணுக்கும் படாது.

அந்தப் புள்ளிகள் என்னவென்று புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். இந்த வகை லேசர் கன்னம் முழுவதையும் சுடுவதில்லை. ஊசி முனையைவிட மெல்லிய துளைகளாகச் சுட்டு, நடுநடுவே நல்ல தோலை விட்டுவைக்கிறது. அந்த நல்ல தோல்தான் பக்கவாட்டிலிருந்து வளர்ந்து ஒவ்வொரு துளையையும் மூடுகிறது. சுடப்பட்ட பழைய திசு மேலே தள்ளப்பட்டுப் பழுப்பு மணலாக நிற்கிறது. முகத்தில் அது ஐந்திலிருந்து ஏழு நாளில், சிலருக்குப் பத்து நாளில், தானாகவே உதிரும். நகத்தால் ஒரே ஒரு பொருக்கைக் கிள்ளி எடுத்தாலும், அடியில் மூடாத துளை திறந்துகொள்ளும். ஒரு மாதம் கழித்துக் கரும்புள்ளி நிற்கிற இடம் பெரும்பாலும் அதுதான். அரித்தால், குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியைப் பத்து நிமிடம் ஒற்றி வையுங்கள். இரவில் அரிப்பு தூங்கவிடாவிட்டால் மருத்துவரிடம் கேட்டு ஒவ்வாமை மாத்திரை போட்டுக்கொள்ளலாம்.

கழுவுவதற்கு ஆழ்குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதில் உப்பு கூடுதலாக இருந்தால் தோலை வறட்டும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் போதும். காலையும் மாலையும், சோப்பு கலக்காத கிளென்சரை உள்ளங்கையில் குழைத்து, விரல் நுனியால் தேய்க்காமல் உள்ளங்கையால் ஒற்றி எடுத்துக் கழுவுங்கள். துடைக்கத் துண்டு வேண்டாம், துவைத்த பழைய வேட்டித் துணியால் ஒற்றுங்கள். ஈரம் முழுதும் காய்வதற்குள் வாசனையில்லாத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியை, கன்னத்துக்கு ஒரு துவரம்பருப்பு அளவு எடுத்து, மெல்லப் பரப்புங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. தோல் பளபளக்க வேண்டும், வழியக் கூடாது. உங்களுடையது பரு வரும் தோல். எனவே பொருக்கு உதிர்ந்த அன்றே ஜெல்லியை நிறுத்தி, செராமைடு உள்ள இலகுவான மாய்ஸ்சரைசருக்கு மாறிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் கூந்தலோடு நிற்கட்டும்.

இனி ஆற்றுக்கு வருவோம். ஆடியில் காவிரியில் வருவது வண்டலோடு கலங்கிய தண்ணீர். கரையோர ஊர்கள் அத்தனையும் கழுவிவிட்டது அதில்தான் கலந்திருக்கிறது. மூடாத தோலோடு அதில் முங்குவது கிருமியைக் கூப்பிட்டு உட்கார வைப்பது மாதிரி. படித்துறையில் நின்று காலை நனைத்து, தலையில் தெளித்துக்கொள்ளுங்கள். முகத்தில் வழிந்துவிட்டால் வீட்டுக்கு வந்ததும் சுத்தத் தண்ணீரால் கழுவிவிடுங்கள். காலை ஏழரை மணிக்குள் போய் வருவது உத்தமம். பதினொரு மணி வெயில் மேலிருந்து மட்டும் வராது, தண்ணீரும் ஈர மணலும் கீழிருந்தும் திருப்பி அடிக்கும். கறுப்புத் துணிக் குடை கட்டாயம் வேண்டும்.

முகம் கருத்துப் போவதை லேசர் மட்டும் முடிவு செய்வதில்லை. அதற்குப் பிறகு வரும் நாலு வாரம்தான் பெரிதும் முடிவு செய்கிறது. நம் தோலில் நிறமி அணுக்கள் சட்டென உசுப்பப்படும். சுடுபட்டாலும், வெயில் பட்டாலும், தேய்பட்டாலும் அவை மெலனினைக் கொட்டும். அதனால்தான் இரண்டாம் வாரம் கண்ணாடி போல் தெளிந்த கன்னம் மூன்று, நாலு வாரத்தில் திட்டுத்திட்டாகக் கருக்கிறது. பொருக்கு உதிரும் வரை குடையும் நிழலும்தான் காவல். உதிர்ந்த பிறகு எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத, துத்தநாக ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன். இரும்பு ஆக்சைடு கலந்து தோல் நிறத்திலேயே வருகிற வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். நம் நிறத்தோலைக் கருக்க வைப்பதில் புற ஊதாக்கதிருக்கு மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கும் பங்குண்டு. சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுப்பதில்லை. அளவுதான் எல்லோரும் கோட்டை விடுகிற இடம். சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் கணக்காக வரும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூச வேண்டும். தஞ்சாவூருக்கு பஸ்ஸில் போனால் வெயில் விழுகிற பக்கத்து ஜன்னல் சீட்டை விட்டுவிடுங்கள். கண்ணாடி மூடியிருந்தாலும் புற ஊதா ஏ கதிர் உள்ளே வரும்.

சூடும் இதே கணக்கில்தான் சேரும். இன்னும் ஒரு வாரத்துக்கு இட்லிப் பானை திறக்கிற வேலையும், நெல் அவிக்கிற இடத்தில் நிற்பதும் வேறு யாருடையதாவது ஆகட்டும்.

ஒருவேளை கருத்துவிட்டால் பதறிப்போய் மருந்துக்கடையில் 'வெள்ளையாக்கும்' டியூப் கேட்காதீர்கள். அவற்றில் பல, ஸ்டீராய்டும் ஹைட்ரோகுவினோனும் ட்ரெடினாயினும் சேர்ந்த கலவை. பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே விதி வந்துவிட்டது, இன்னும் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். முதல் மாதம் பளிச்சென்றாகும். பிறகு தோல் மெலிந்து, ரத்தக்குழாய் சிவந்து தெரிந்து, பரு கொத்தாகக் கிளம்பும். மேல்தோல் கருமை வெயில் படாமல் இருந்தாலே சில மாதத்தில் மங்கும். முன்பு பூசிய ட்ரெடினாயின், கிளைகாலிக் அமிலம், வைட்டமின் சி சீரம் எதையும் உங்கள் மருத்துவர் சொல்லாமல் மறுபடி தொடங்க வேண்டாம்.

காத்திருக்கக் கூடாத சில அறிகுறிகள்: குறைந்துவந்த வலி திரும்பக் கூடுவது, மஞ்சள் சீழ், தேன் நிறப் பொருக்கு, காய்ச்சல், உதட்டோரம் கொத்தாக நீர்க்கொப்புளம். கடைசியாகச் சொன்னது ஹெர்பீஸ் அக்கி. உதட்டில் முன்பு எப்போதாவது வந்தவர்களுக்கு லேசருக்குப் பின் கிளம்பும். இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே லேசர் செய்த மருத்துவரைப் பாருங்கள். அவர் கிடைக்காவிட்டால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் மருத்துவரிடம் காட்டலாம்.

முடி நீக்கும் லேசர் செய்துகொண்டவர்களும் இதையே கேட்கிறார்கள். அவர்களுக்குப் பொதுவாகப் பொருக்கு வராது. மயிர்க்கால் சுற்றிப் புல்லரித்தது போல் வீங்கி, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ அடங்கும். மூன்று வாரம் வரை முடி முளைப்பது போலத் தெரியும், உண்மையில் அது உதிர்கிற முடி. த்ரெட்டிங், வேக்ஸிங் கூடாது, ஷேவ் செய்யலாம். வெயில் விதி இவர்களுக்கும் அதேதான்.

அடுத்த சிட்டிங் நாலு முதல் ஆறு வாரம் கழித்துத்தான் வைப்பார்கள். கருமை விழுந்திருந்தால் அது மங்கும் வரை தள்ளிப்போடச் சொல்லுங்கள். தை முகூர்த்தம் பார்த்திருக்கும் வீடுகளில் கடைசி சிட்டிங்கை ஐப்பசியோடு முடித்துவிடுவது நல்லது. மார்கழியில் போய் 'இன்னொன்று போட்டுவிடலாம்' என்று போனால், கல்யாணப் போட்டோவில் கன்னத்தில் திட்டு இருக்கும்.