பக் கன்வெர்ட்டரின் எனேபிள் பின்னில் (ஐசியை ஓடவோ நிற்கவோ வைக்கும் கால்) 2 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 0.7 வோல்ட்தான் இருக்கிறது. ஐசி கெட்டுவிட்டதா?

நீங்கள் சொன்ன விவரம் இது: 12 வோல்ட்டை 3.3 வோல்ட்டாகக் குறைக்கும் சர்க்யூட். எனேபிள் பின்னுக்கு 12 வோல்ட்டிலிருந்து 100 கிலோ ஓம், அங்கிருந்து கிரவுண்டுக்கு 22 கிலோ ஓம். கன்வெர்ட்டரைத் தேவைப்படும்போது நிறுத்துவதற்காக அதே பின்னை மைக்ரோகன்ட்ரோலரின் ஒரு காலிலும் நேரடியாகச் சேர்த்திருக்கிறீர்கள். புது ஐசி போட்டும் 0.7 வோல்ட்தான். புரோகிராமர் கேபிளைச் செருகினால் கன்வெர்ட்டர் எழுகிறது, கழற்றினாலும் ஓடுகிறது, ஆனால் 12 வோல்ட்டை நிறுத்திப் போட்டால் மறுபடி எழுவதில்லை.

ஐசி கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இன்னொரு ஐசியைச் சூடாக்கிக் கழற்றுவதற்கு முன் கொஞ்சம் கணக்குப் போடுங்கள்.

வோல்ட்டேஜை மட்டும் பார்த்தால் "குறைவாக இருக்கிறது" என்பதைத் தாண்டி ஒன்றும் தெரியாது. கரண்ட் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். 100 கிலோ ஓமின் மேல் 11.3 வோல்ட் விழுகிறது, ஆக அதன் வழியே 113 மைக்ரோ ஆம்பியர் வருகிறது. 22 கிலோ ஓமின் மேல் 0.7 வோல்ட், அது எடுத்துக்கொள்வது 32 மைக்ரோ ஆம்பியர். மீதி 81 மைக்ரோ ஆம்பியர் வேறு எங்கோ போகிறது. இந்த வகை ஐசிகளில் எனேபிள் பின்னின் கரண்ட் பெரும்பாலும் ஒன்றிரண்டு மைக்ரோ ஆம்பியர்தான், உங்கள் டேட்டாஷீட்டிலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 81 போவதற்கு மிஞ்சியிருக்கும் வழி மைக்ரோகன்ட்ரோலர் ஒன்றுதான்.

அந்த மைக்ரோகன்ட்ரோலருக்கு மின்சாரம் கொடுப்பதே இந்தக் கன்வெர்ட்டரின் 3.3 வோல்ட்தான், இல்லையா? கன்வெர்ட்டர் எழாதவரை அதன் சப்ளை கிட்டத்தட்ட பூஜ்யம். பெரும்பாலான மைக்ரோகன்ட்ரோலர்களில் காலிலிருந்து சப்ளைக்கு உள்ளேயே ஒரு பாதுகாப்பு டையோடு (ஒரே திசையில் கரண்ட்டை விடும் பாகம்) இருக்கும். சப்ளை பூஜ்யமாக இருக்கும்போது, காலில் 0.6, 0.7 வோல்ட் ஏறியதும் அந்த டையோடு கடத்தத் தொடங்கி, அதற்கு மேல் ஏற விடாது. பல ஐசிகள் எழ 1.2 வோல்ட்டை ஒட்டி வேண்டும். கன்வெர்ட்டர் மைக்ரோகன்ட்ரோலருக்காகக் காத்திருக்கிறது, அது கன்வெர்ட்டருக்காகக் காத்திருக்கிறது. கேபிளைச் செருகினால் 3.3 வோல்ட் வெளியிலிருந்து வருகிறது, டையோடு கடத்துவதை நிறுத்துகிறது, எனேபிள் 2.16 வோல்ட்டுக்கு ஏறுகிறது. நீங்கள் பார்த்தது அதைத்தான்.

உறுதி செய்ய, மைக்ரோகன்ட்ரோலருக்குப் போகும் அந்த ஒரு தடத்தை மட்டும் துண்டித்துவிட்டு 12 வோல்ட் கொடுங்கள். எனேபிள் 2.1 வோல்ட்டைத் தாண்டி, கன்வெர்ட்டரும் எழுந்தால் விஷயம் முடிந்தது. அளக்கும்போது மீட்டரின் கறுப்பு முனையை ஐசியின் கிரவுண்ட் காலிலேயே வையுங்கள், பவர் சப்ளையின் முனையில் வேண்டாம்.

சரிசெய்ய நடுவில் ஒரு சிறிய என்-சேனல் மாஸ்ஃபெட் (கேட்டில் வோல்ட்டேஜ் வந்தால் டிரெயினையும் சோர்ஸையும் இணைக்கும் சுவிட்ச்) போடுங்கள். டிரெயின் எனேபிளுக்கு, சோர்ஸ் கிரவுண்டுக்கு, கேட் மைக்ரோகன்ட்ரோலருக்கு, கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 100 கிலோ ஓம். அந்த 100 கிலோ ஓமை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் கேட் அந்தரத்தில் தொங்கும். 3.3 வோல்ட்டில் நன்றாகத் திறக்கும் மாஸ்ஃபெட்டாகவும் இருக்க வேண்டும். இப்போது மைக்ரோகன்ட்ரோலரின் கால் உயர்ந்தால் கன்வெர்ட்டர் நிற்கும், அதனால் புரோகிராமில் அந்த நிலையைத் தலைகீழாக்க வேண்டும். ஒரு டையோடு போட்டால் போதாதா என்று தோன்றலாம். எனேபிளைக் கீழே இழுக்கும் திசையில் வைத்தால் பழைய கசிவு வழி அப்படியே இருக்கும், எதிர்த் திசையில் வைத்தால் மைக்ரோகன்ட்ரோலரால் நிறுத்தவே முடியாது.

அப்புறம், எனேபிளை நேராக 12 வோல்ட்டில் கட்டிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். டேட்டாஷீட்டின் உச்சவரம்பைப் பார்க்காமல் செய்யாதீர்கள். உதாரணமாக டிபிஎஸ்54331 என்ற பக் கன்வெர்ட்டர் ஐசியில் அந்தப் பின்னுக்கு 6 வோல்ட்தான் எல்லை. அதில் பின்னைச் சும்மா விட்டாலே உள்ளிருக்கும் 1 மைக்ரோ ஆம்பியர் அதை உயர்த்தி எழுப்பிவிடும். எல்லா ஐசியும் அப்படி இல்லை. எல்எம்2596 என்ற இன்னொரு பக் ஐசியில் தர்க்கமே தலைகீழ்: 1.3 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் ஓடும், மேலே போனால் நிற்கும்.

மாஸ்ஃபெட் போட்ட பிறகு கன்வெர்ட்டர் எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்தால் மல்டிமீட்டரை நம்பாதீர்கள், அது சராசரியைத்தான் காட்டும். ஆசிலோஸ்கோப்பில் 12 வோல்ட்டையும் எனேபிளையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் ரெசிஸ்டர்களின்படி, 1.2 வோல்ட்டில் எழும் ஐசி என்றால் உள்ளே வரும் மின்சாரம் 6.7 வோல்ட்டைத் தொட்டதுமே எழுந்துவிடும். அந்த நேரத்தில் சப்ளை பலவீனமாக இருந்தால், தொடக்கக் கரண்ட் அதைக் கீழே இழுத்து எனேபிளையும் இழுக்கும். 22 கிலோ ஓமுக்குப் பதில் 15 கிலோ ஓம் வைத்தால் எழும் புள்ளி 9.2 வோல்ட்டுக்குப் போகும்.