மகளுக்குச் சுற்றுலா விளம்பர வேலை சரிப்படுமா?

அன்புள்ள ஐயா,

பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், சுற்றுலா ஊர்களுக்கு ஆன்லைன் விளம்பரம் மூலம் பயணிகளை வரவழைக்கும் வேலைக்குத்தான் போவேன் என்கிறாள், அதில் பிழைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். நாள் முழுக்க ரீல்ஸ் போடுவதுதான் அந்த வேலை என்று நினைத்துப் பயப்படுகிறீர்கள். உண்மையில் அது மனிதர்களோடு பழகும் வேலை.

பாரோ தீவுகளைப் பாருங்கள். வட அட்லாண்டிக்கில் 18 தீவுகள், மக்கள் ஏறத்தாழ 50,000 பேர். தெருக்களின் படங்களை மேப்பில் காட்டும் கூகுளின் தெருக்காட்சி (ஸ்ட்ரீட் வியூ) அங்கே வரவில்லை என்று 2016இல் அந்தத் தீவுகளின் சுற்றுலா அமைப்பினர் செம்மறி ஆடுகளின் முதுகில் கேமராவைக் கட்டி மலைப்பாதைகளைப் படம் பிடித்து வெளியிட்டார்கள். உலகமே பேசியது, கூகுளும் வந்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது 2019இல் அவர்கள் செய்தது. பயணிகள் அதிகம் மிதித்துத் தேய்ந்த இடங்களை ஒரு வார இறுதிக்கு மூடிவிட்டு, பாதை செப்பனிட வெளிநாட்டிலிருந்து 100 தன்னார்வலர்களை அழைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பித்தார்கள். ஊரைப் பார்க்க வருபவனை ஊருக்காக வேலை செய்ய வைப்பது வெறும் விளம்பரத்தால் நடக்காது.

சரி, உங்கள் மகளுக்கு இது ஒத்துவருமா? நீங்கள் தென்காசிக்காரர், சோதித்துப் பார்க்க வசதியான ஊர். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றால சீசன். "மெயினருவியில் தண்ணீர் விழுகிறதா? ஐந்தருவியில் குளிக்க விடுகிறார்களா?" என்று ஆயிரம் பேர் கேட்பார்கள். அவர்களுக்காக ஒரு பேஸ்புக் குழுவோ வாட்ஸ்அப் குழுவோ அவள் நடத்தட்டும். தடை போட்டால் உடனே சொல்ல வேண்டும், பழைய வீடியோவைப் புதிது என்று யாராவது போட்டால் நீக்க வேண்டும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்றது உங்களுக்குத் தெரியும். அங்கே தவறான தகவல் உயிரோடு விளையாடுவது. ஒரே கேள்வியை நாற்பதாவது முறை கேட்பவருக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறாளா என்று கவனியுங்கள். அந்தப் பொறுமை இருந்தால் மற்றதைக் கற்றுக்கொள்ளலாம்.

வேலை தருபவர்கள் ஹோட்டல்கள், டூர் நிறுவனங்கள், பயணச் செயலிகள், அப்புறம் மாநிலச் சுற்றுலாத் துறைகளுக்காக டெண்டர் எடுத்து வேலை செய்யும் ஏஜென்சிகள். ஆரம்பத்தில் சம்பளம் சுமாராகத்தான் இருக்கும், மறைக்க விரும்பவில்லை. பி.காமை விடவே வேண்டாம். முடித்த பிறகு சுற்றுலா மேலாண்மையில் எம்பிஏ படிக்கலாம். மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ஐஐடிடிஎம் (இந்தியச் சுற்றுலா மற்றும் பயண மேலாண்மைக் கல்வி நிறுவனம்) என்ற நிறுவனத்துக்கு நெல்லூரிலும் வளாகம் உண்டு. பாலோயர் எண்ணிக்கையைக் காட்டிப் பணம் பறிக்கும் குறுகியகாலச் சான்றிதழ் வகுப்புகளில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.

குழுவைச் சீசனுக்கு முன்பே தொடங்கச் சொல்லுங்கள். முதலில் சேர்ப்பவர்களில் ஆட்டோ ஓட்டுநர், லாட்ஜ்காரர், அருவிக்கரையில் பழம் விற்பவர் எல்லாரும் இருக்கட்டும். தண்ணீர் நிலவரத்தை முதலில் சொல்லப்போவது அவர்கள்தான்.