மனச்சோர்வு இருப்பதை வீட்டில் எப்படிச் சொல்வது?

ஒரு மாதமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, வீட்டில் சொல்லப் பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லுங்கள். தள்ளிப்போடாதீர்கள். ஆனால் "எனக்கு டிப்ரஷன்" என்று மட்டும் ஆரம்பிக்க வேண்டாம். அந்தச் சொல் காதில் விழுந்ததுமே, "உனக்கு என்ன குறை வெச்சோம்?" என்று பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். அப்புறம் நீங்கள் காரணம் சொல்லியே களைத்துப்போவீர்கள்.

உடம்பில் தெரிவதை நாள் கணக்கோடு சொல்லுங்கள். "அம்மா, ஒரு மாசமா விடியக்காலம் மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது. அப்புறம் தூக்கமே இல்ல. சோறு இறங்க மாட்டேங்குது. ஏன்னு எனக்கும் தெரியல. டாக்டரைப் பாக்கணும், வியாழக்கிழமை கூட வர்றியா?" கடைசி வரிதான் முக்கியம். பிள்ளை அழுவதைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல்தான் பல பெற்றோர் கோபப்படுகிறார்கள். செய்வதற்கு ஒரு வேலை கையில் கிடைத்தால் அந்தப் பதற்றம் பாதி அடங்கும்.

எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லாதீர்கள். முதலில் ஒருவர் போதும். அம்மா காய் நறுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் இரண்டு பீன்ஸை நாரெடுத்தபடி சொல்லலாம்; முகத்துக்கு நேரே பார்க்காதபோது வாய் எளிதாகத் திறக்கும். அப்பா கடுமையானவர் என்றால் அக்காவோ சித்தியோ வழியாகப் போங்கள். சண்டை நடந்த அன்று மட்டும் வேண்டாம், கோபத்தில் சொன்னதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

"எல்லாருக்கும் இருக்கறதுதான்", "கல்யாணம் பண்ணினா சரியாயிடும்", "குலதெய்வம் கோயிலுக்குப் போயிட்டு வரலாம்" என்றெல்லாம் வரும். மறுத்து வாதாட வேண்டாம். "கோயிலுக்கும் போவோம், டாக்டரையும் பார்ப்போம்" என்று இரண்டையும் சேர்த்துவிடுங்கள். கல்யாணத்துக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். அது சிகிச்சை இல்லை, இன்னொருவர் வாழ்க்கையும் அதில் இருக்கிறது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள். அறைக்குள் போனதும் பாதி மறந்துவிடும், அதனால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது ஆரம்பித்தது, எத்தனை மணி நேரத் தூக்கம், எடை குறைந்ததா, குடிப்பழக்கம், இப்போது சாப்பிடும் மாத்திரைகள், குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா. இன்னொன்றையும் எழுதுங்கள், பலர் இதைச் சொல்வதே இல்லை. முன்பு எப்போதாவது பல நாள் தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, பணத்தை வாரி இறைத்துக்கொண்டு இருந்தீர்களா? அது இருந்தால் நோயே வேறாக இருக்கலாம், மருந்தும் மாறும். தைராய்டு, ரத்தசோகை பார்க்க ரத்தப் பரிசோதனை எழுதித் தந்தால் எடுத்துவிடுங்கள், அவையும் இதே சோர்வைத் தரும்.

சாகத் தோன்றுகிறது என்றால் அதைச் சுற்றி வளைக்காமல் அப்படியே சொல்லுங்கள். வீட்டாருக்கும் ஒன்று: இதைப் பற்றி நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. "செத்துடலாம்னு தோணுதா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மாத்திரை டப்பாவையும் வீட்டைவிட்டே அப்புறப்படுத்துங்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலிமானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

அலுவலகத்தில் நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, "சிகிச்சையில் இருக்கிறேன்" என்பது போதும். உங்கள் நோய் விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்திலேயே இருக்கிறது.

மாத்திரை தந்தால் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: முதல் வாரம் குமட்டல், வயிற்றுப் பிரட்டல் வரலாம், பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். இதைச் சொல்லாவிட்டால் பத்தாம் நாளே "இந்த மாத்திரையாலதான் இப்படி ஆயிட்ட, நிறுத்து" என்று யாராவது சொல்வார்கள். மனச்சோர்வு மாத்திரைகள் போதைப் பழக்கமாக மாறுவதில்லை. தூக்க மாத்திரை வேறு, அது பழக்கமாகிவிடலாம், அதனால் மருத்துவர் சொன்ன நாளுக்கு மேல் போகாதீர்கள். இரண்டாவது மாதம் நன்றாக இருக்கிறதே என்று தானாக நிறுத்துவதுதான் அதிகம் நடக்கும் தவறு. தலைசுற்றலும் எரிச்சலும் வரலாம், நோயும் திரும்பலாம். குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். எப்போது, எப்படிக் குறைப்பது என்பதை மருத்துவரே படிப்படியாகச் செய்வார்.